மோட்டார் வண்டியின் புகைக்குழாய்: சிறுசெலவிற் செப்பனிடும் முறை

ஒரு பொருள் பழுதுபட்டவிடத்து அதனை எறிந்துவிட்டுப் புதியது கொள்ளுதல் செல்வர்க்கு எளிது. கெட்ட பகுதி இது, கெடாத பகுதி இது எனப் பிரித்தறிந்து, கெட்டதை நீக்கி நல்லதைப் போற்றிக்கொள்ளுதல் பொருள் சுருங்கியோர்க்கு இன்றியமையாத அறிவாகும். இவ்வறிவு வீட்டிற்கும் வேண்டும்; ஆடைக்கும் வேண்டும்; நாடோறும் நம்மைச் சுமந்து செல்லும் மோட்டார் வண்டிக்கும் வேண்டும். அவ்வண்டியின் உறுப்புக்களுள் எவரும் குனிந்து பாராத புகைக்குழாயையே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தனம்.

இலக்கியம் பயிலும் மாணாக்கர்க்குப் புகைக்குழாயோடு யாது தொடர்பு என வினவுவார் உளராகலாம். கைமாறிய பழைய கார் ஒன்றை வாங்கிக் குடும்பத்தோடு செல்வோர் நம் நாட்டிற் பலர். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பின் வண்டியைச் சோதனைக்குக் காட்டி, 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். அங்ஙனம் முதுமையடைந்த வண்டிகளில் முந்திக் கெடும் உறுப்புக்களுள் புகைக்குழாயும் ஒன்று. பட்டறைக்குச் சென்று காட்டினால், “முழுவதும் மாற்றியே ஆகவேண்டும்” என்பார் ஒருவர். “ஓர் ஒட்டுப் போட்டால் ஓடும்” என்பார் மற்றொருவர். இவ்விருவருள் எவர் சொல் மெய் என்று துணியும் அறிவில்லாதவன், முன்னவரை நம்பினால் பொருளை வீணே இழத்தலும், பின்னவரை நம்பினால் தன்னுயிர்க்கும் தன்னோடு வருவார் உயிர்க்கும் ஊறு தேடுதலும் நேரக்கூடும். ஆதலின் இது யாவரும் அறிந்திருத்தற்குரிய பொருளேயாம்.

புகை செல்லும் வழி

எஞ்சினுள் பெட்ரோலும் காற்றும் கலந்து எரிகின்றன. எரிந்து எஞ்சிய ஆவிகள் வால்வு திறக்குந்தோறும் மிக்க வெப்பத்தோடும் வெடியோசையோடும் வெளிப்படுகின்றன. பல சிலிண்டர்களினின்றும் வரும் அவ்வாவிகளை ஒருங்கு சேர்க்கும் கிளைக்குழாய் மேனிபோல்டு எனப்படும். சிற்றோடைகள் பல கூடி ஒரு வாய்க்காலாதல் போல, அவை ஒன்றுகூடி முன்குழாயின் வழியே கீழிறங்கிப் பின்னோக்கிச் செல்கின்றன. இடையே இருக்கும் பெரிய பேழை போன்ற உறுப்பே சைலன்சர். அதற்குள் அறைகளும் துளையிட்ட குழாய்களும் அமைந்துள்ளன. ஒலியலைகள் அவ்வறைகளில் மோதித் திரும்பி ஒன்றையொன்று அடக்க, ஓசை தணிகின்றது. அதன்பின் உள்ளது வாற்குழாய். பட்டறைப் பேச்சில் இத்தொடர் முழுவதையும் சைலன்சர் என்றே வழங்குவர். ஆதலால் விலை பேசும்பொழுது எப்பகுதியைக் குறித்துப் பேசுகின்றோம் என்பதைத் தெளிவாகக் கேட்டறிதல் நன்று.

முன்குழாய்க்கும் சைலன்சர்க்கும் இடையிலோ, மேனிபோல்டை ஒட்டியோ, ‘கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்’ என்னும் நச்சு நீக்கும் கலம் அமைந்திருக்கும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் விலையுயர்ந்த உலோகங்கள் அதனுள் மெல்லிதாகப் பூசப்பட்டிருக்கும். அவற்றைத் தொட்டுச் செல்லும் நச்சாவிகள் தீங்கு குறைந்த பொருள்களாக மாறுகின்றன. 1995ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய 4 பெருநகர்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு இக்கலம் கட்டாயமாக்கப்பட்டது. ஈயங் கலந்த பெட்ரோல் இக்கலத்தைக் கெடுக்குமாதலின், ஈயமற்ற பெட்ரோலும் அந்நகர்களில் அக்காலத்தே வந்தது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடெங்கும் அதுவே விற்கப்படலாயிற்று.

ஆகவே புகைக்குழாய்க்குத் தொழில் மூன்று. ஓசையை அடக்குதல் ஒன்று. நச்சைக் குறைத்தல் ஒன்று. எஞ்சிய நச்சினை வண்டியில் இருப்போர்க்கு எட்டாதவாறு பின்னே கொண்டுபோய் விடுதல் ஒன்று. முதலாவது கெட்டால் செவி உடனே அறியும். ஏனைய இரண்டும் கெட்டால் ஒரு புலனும் அறியாது. இவ்வேற்றுமையை மனத்திற் கொள்க.

கேடு வருமாறு

இரும்பைத் தின்பது துரு. குழாய்க்குத் துரு வெளிப்புறத்தினின்றே வரும் எனப் பலர் எண்ணுவர்; உட்புறத்தினின்றும் வரும் என்பதே உண்மை. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் எரியுங்கால் பிராணவாயுவோடு கூடி நீராகின்றது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவிவடிவிற் குழாய்க்குள் புகுகின்றது. வண்டி நெடுந்தொலைவு ஓடினால் குழாய் முழுவதும் சூடேறி அந்நீர் ஆவியாகவே வெளியேறிவிடும். வீட்டினின்று கடைத்தெரு வரையில் ஓட்டி நிறுத்தும் வண்டியிலோ, பின்பகுதி சூடேறுமுன்னரே எஞ்சின் நின்றுவிடுகின்றது. ஆவி குளிர்ந்து நீராகிச் சைலன்சரின் அடியில் தேங்கி, எரிபொருளாற் பிறந்த அமிலத்தோடு கலந்து, உள்ளிருந்தே இரும்பை அரிக்கின்றது. ‘குறைவாக ஓடிய கார், ஆதலின் குழாய் நன்றாயிருக்கும்’ என்னும் கருத்து இதனாற் பிழைபடுகின்றது. காலையில் வாற்குழாயினின்று நீர்த்துளி சொட்டுவதைக் கண்டு அஞ்சுதலும் வேண்டா. அது முன்னே கூறிய நீரே. அந்நீர் வடிதற்பொருட்டுச் சில சைலன்சர்களின் அடியிற் சிறு துளை ஒன்றைச் செய்வோரே இட்டிருப்பர். அதனைப் பழுதென்று கருதி அடைத்தல் சைலன்சரின் வாழ்நாளைக் குறைத்தலாகும்.

வெளிப்புறத் துருவுக்குக் கடற்காற்றும் தேங்கிய நீரும் காரணம். சென்னை, தூத்துக்குடி போலும் கரையோர ஊர்களில் உப்புக் கலந்த ஈரம் இரும்பை விரைந்து அரிக்கும். 2015ஆம் ஆண்டு டிசம்பரிற் சென்னையிலும், 2023ஆம் ஆண்டு டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளிலும் வந்த வெள்ளங்களில் கார்கள் பல நீரில் மூழ்கிக் கிடந்தன. நீரினின்று மீண்ட வண்டியில் எஞ்சினைச் செப்பனிட்டுக்கொள்வோர், சேறுபடிந்த குழாயை மறந்துவிடுதல் இயல்பு.

இனி, துருவின்றியும் குழாய் ஒடிதல் உண்டு. நம் தெருக்களின் வேகத்தடைகளில் அடிபட்டுக் குழாய் நசுங்கும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்த் தாங்கிகள் தேய்ந்தால் எஞ்சின் மிகையாகக் குலுங்கும். அக்குலுக்கத்தைக் குழாய் வாங்கிக்கொண்டு வளைந்து நிமிர்ந்து ஈற்றில் விரிசல் காணும். குழாயை வண்டியின் அடியில் தொங்கவிடும் ரப்பர் வளையங்களுள் ஒன்று அறுந்தாலும், அது சுமந்த பாரம் முழுவதும் அடுத்த பொருத்தின்மேல் விழும். ஆதலின் ஒடிந்த இடத்தை நோக்குமுன் ஒடிந்தமைக்குரிய காரணத்தை நோக்குதல் வேண்டும். அறுந்த வளையத்தை மாற்றாது ஒடிந்த குழாயை எத்துணை நன்றாக ஒட்டினும், சில திங்களில் அது மீண்டும் ஒடியும். ரப்பர் வளையம் சிறுவிலைப் பொருள். அதனை மாற்றுதலே இத்தொழிலில் முதற் சிக்கனம்.

உயிர்க்கு வரும் இடையூறு

எரிபொருள் முற்றும் எரிந்தால் கரியமிலவாயுவும் நீரும் பிறக்கும். முற்றும் எரியாதவிடத்துக் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு பிறக்கும். அதற்கு நிறமில்லை; மணமில்லை; கண்ணையோ மூக்கையோ உறுத்துவதுமில்லை. நம் குருதியிற் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்னும் பொருளோடு, பிராணவாயுவினும் 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையோடு இது பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்டபின் மூச்சு நன்றாக நடக்கவும் உடல் மட்டும் உள்ளே மூச்சுமுட்டிச் சாகின்றது. இந்நச்சு மனிதன்மீது செய்யும் தொழிலை ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிஞர் தம்மையே சோதனைக்குட்படுத்தி ஆராய்ந்து 1895ஆம் ஆண்டு வெளியிட்டார். நிலக்கரிச் சுரங்கங்களிற் சிறு பறவைகளை உடன்கொண்டு செல்லும் வழக்கம் அவர் அறிவுரையால் வந்ததே. மனிதன் மயங்குமுன்னரே பறவை மயங்கி இடையூற்றை அறிவிக்கும்.

காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு இவ்வாயு கலந்திருப்பினும், சில மணி நேரம் அதனை மூச்சிழுப்பவர் உயிர் பிழைத்தல் அரிது. நச்சு நீக்கும் கலமில்லாத பழைய கார் அசையாது நின்று எஞ்சின் மட்டும் ஓடுங்கால், அதன் புகையில் நூற்றுக்கு 3 பங்கு வரை இவ்வாயு இருத்தலைச் சட்டவிதி ஒப்புகின்றது. அஃதாவது முன்கூறிய அளவினும் 30 மடங்கு. வாற்குழாயின் வழியே வெட்டவெளியிற் கலந்தால் அது காற்றில் விரவி நீர்த்துப்போம். இருக்கையின் நேர்கீழே குழாய் ஒடிந்து, வண்டியின் தளத்திலும் துருவினால் ஓட்டை விழுந்திருந்தால், அந்நச்சு நேரே உள்ளே புகும். கண்ணாடிகளை ஏற்றிக் குளிர்காற்றுப் பொறியை ஓட்டிக்கொண்டு நின்ற வண்டியில் உறங்கினோர் எழாதொழிந்த செய்திகளை நாளிதழ்களிற் காண்கின்றோம். பயணத்தின்போது ஒருவர்க்குத் தலைவலியும், மற்றொருவர்க்குக் குமட்டலும், பிள்ளைகட்கு வேளையல்லாத வேளையில் உறக்கமும் ஒருங்கே வருமாயின், வெயிலின்மேலும் உணவின்மேலும் பழிபோடாது உடனே வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்து, யாவரும் இறங்கித் திறந்த வெளிக்குச் செல்லுதல் வேண்டும். வெளிக்காற்றில் நோய் தணியினும் மருத்துவரைக் காணல் கடன்.

பழுதினைத் தேர்ந்தறிதல்

வண்டியின் அடியிற் புகுமுன் சில காப்புக்களைச் செய்துகொள்ளல் வேண்டும். சமநிலத்தில் வண்டியை நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுக்க. ஜாக்கி வண்டியைத் தூக்குதற்கே உரியது, தாங்குதற்கு உரியதன்று. தூக்கியபின் உறுதியான இரும்புத் தாங்கிகளை வைத்து அவற்றின்மேல் வண்டியை இறக்குக. செங்கல்லும் கருங்கல்லும் அடுக்கி அவற்றின்கீழ்ப் படுப்பவன் தன்னுயிரைப் பணயம் வைக்கின்றான். எஞ்சினை அணைத்துக் குழாய் முற்றும் ஆறும்வரை காத்திருக்க. உதிரும் துரு கண்ணில் விழாதவாறு கண்ணாடியணிக.

தேர்ந்தறியும் வழிகள் மூன்று. முதலாவது பார்வை. ஆவி கசியும் இடத்தைச் சுற்றிக் கரும்புகைக்கோடு படிந்திருக்கும். பொருத்துக்களிலும் வளைவுகளிலும் சைலன்சரின் தையலோரத்திலும் இக்கோட்டைத் தேடுக. இரண்டாவது செவி. வண்டியைத் தாங்கியினின்று இறக்கித் திறந்த வெளியில் நிறுத்தி, குளிர்ந்திருக்கும் எஞ்சினை ஓட்டி, ஒருவர் தடித்த கையுறையணிந்து, மடித்த துணியால் வாற்குழாயின் வாயைச் சில நொடி மட்டும் ஓரளவு அடைக்க, மற்றொருவர் பக்கத்திற் குனிந்து கேட்டால், கசியும் இடத்திற் சீறொலி எழும். குளிர்ந்த குழாயின்மேற் சோப்பு நீரைப் பூசி இதனைச் செய்தால் அவ்விடத்தில் நுரை பொங்கும்.

மூன்றாவதே தலையாயது, அஃது எஞ்சினை அணைத்துக் குழாயைத் தட்டிப் பார்த்தல். சந்தையிற் பானை வாங்கும் நம் தாய்மார், விரலை மடக்கித் தட்டி, கணீரென்று ஒலிப்பதைக் கொண்டு, மொத்தென்று ஒலிப்பதை விலக்குவர். குழாயும் அத்தன்மையதே. திருப்புளியின் பிடியினாற் குழாய் நெடுகத் தட்டிச் செல்க. நல்லிரும்பு தெளிவாக ஒலிக்கும். உள்ளே அரிக்கப்பட்ட இரும்பு மந்தமாக ஒலிக்கும், துருச்செதில் உதிரும், சிலவிடத்துப் பிடி உள்ளே அமிழும். ஒலி மாறும் இடங்களிற் சுண்ணக்கட்டியால் அடையாளம் இடுக. துளை எத்துணைப் பெரிது என்பது வினாவன்று; துளையைச் சுற்றி நல்லிரும்பு எங்கே தொடங்குகின்றது என்பதே வினா. செப்பனிடும் முறைகள் யாவும் இவ்வொரு வினாவின் விடையைப் பொறுத்தே நிற்கின்றன.

செப்பனிடும் வகை

பொருத்துக் கசிவு: இரு குழாய்கள் போல்ட்டினால் இணையுமிடத்துக் கேஸ்கட் என்னும் மெல்லிய அடைவளையம் இருக்கும். பழுது இவ்விடத்ததாயின் பெருஞ்செலவில்லை. துருப்பிடித்த நட்டுக்களுக்குத் துருவிளக்கும் எண்ணெயிட்டு ஓரிரவு ஊறவிட்டுக் கழற்றுக. இருபுறத்து முகங்களையும் இரும்புத் தூரிகையால் தேய்த்துத் தூய்மை செய்து, புதிய கேஸ்கட் வைத்து, போல்ட்டுக்களை மாறிமாறிச் சிறிது சிறிதாக முடுக்குக. ஒருபுறத்தை முற்றும் முடுக்கியபின் மறுபுறத்தை முடுக்கினால் முகம் சாய்ந்து மீண்டும் கசியும்.

சிறு துளை: சுற்றிலும் நல்லிரும்பு உள்ள துளைக்குத் தகட்டுப் பட்டை போதும். துளைக்கு அப்பால் ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலம் நீளுமாறு எஃகுத் தகடு ஒன்றை வெட்டி, குழாயின் வடிவிற்கு வளைத்துக்கொள்க. குழாயின் மேற்புறத்தைப் பளபளப்புத் தோன்றும் வரையில் தேய்த்து, வெப்பந் தாங்கும் சைலன்சர்ப் பசையை அப்பி, தகட்டைச் சுற்றி, இருமுனைகளிலும் எஃகுக் கிளாம்பு மாட்டி இறுக்குக. வெப்பந் தாங்கும் கண்ணாடியிழைக் கட்டுத்துணியும் கடைகளிற் கிடைக்கும். அதனைத் தகட்டின்மேற் சுற்றினால் உறுதி மிகும். பசை இறுகும் நேரம் பொட்டலத்தின்மேல் எழுதப்பட்டிருக்கும். அதனைப் பொறுத்திருந்து, பின்னர்த் திறந்த வெளியில் எஞ்சினை மெல்ல ஓட்டிச் சூடேற்றுக. இச்செப்பம் நிலையானதன்று, நிலையான செப்பத்திற்குப் பணம் சேர்க்கும்வரை காலம் தருவது.

ஒடிந்த குழாய்: நேரான பகுதியிற் குழாய் இரண்டாக ஒடிந்திருந்தால், உறைக்குழாய் இடுதல் தக்கது. ஒடிந்த குழாயின் வெளிவிட்டமும் உறையின் உள்விட்டமும் ஒத்திருத்தல் வேண்டும். ஆதலால் அளவு கருவியால் அளந்து எழுதிக்கொண்டே கடைக்குச் செல்க. அரித்த முனைகளை ஒலி தெளியும் இடம்வரை அறுத்தெறிந்து, இருபுறமும் நல்லிரும்பின்மேற் குறைந்தது 2 அங்குலம் ஏறுமாறு உறையை இட்டு, பக்கத்திற்கு ஒன்றாக வளைகிளாம்புகளால் இறுக்குக. அறுத்த நீளம் மிகுதியாயின் இடையே புதுக்குழாய்த் துண்டு ஒன்றை இணைக்கவேண்டும். இறுக்கிய பின் குழாய் தன் பழைய வரியில் தொங்குகின்றதா, பிரேக்குக் குழாயையும் பெட்ரோல் குழாயையும் தொடாது நிற்கின்றதா என்று நோக்குக.

பற்றவைப்பு: நிலைத்த செப்பம் வேண்டுவோர் வெல்டிங் பட்டறையையே நாடுதல் வேண்டும். குழாயின் தகடு மெல்லியது. பருத்த இரும்பிற்குரிய ஆர்க்கு வெல்டிங்கைக் கைதேராதார் இதன்மேற் செய்தால், அடைக்க வந்த துளை இருமடங்காகும். காஸ் வெல்டிங்கோ, சி.ஓ.டூ வெல்டிங் எனப்படும் முறையோ இதற்கு ஏற்றது. கூடுமாயின் குழாயைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பற்றவைத்தலே சிறப்பு. கழற்றும் கூலியை நாமே உழைத்து மிச்சம் பிடிக்கலாம் என்பதோடு, பெட்ரோல் தொட்டிக்கு அருகே நெருப்புப் பொறி பறக்கும் இடையூறும் இல்லையாம். வண்டியிலேயே பற்றவைக்க நேர்ந்தால் பாட்டரியின் இணைப்பைக் கழற்றுக; இல்லையேல் மின்னோட்டம் புதிய வண்டிகளின் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கெடுத்தல் கூடும். ஈரத்துணியும் மணலும் தீயணைப்பானும் அருகிலிருத்தல் வேண்டும்.

பகுதி மாற்றம்: சைலன்சரின் பேழையே பல இடங்களிற் பொத்தலாயின் ஒட்டு நில்லாது. அப்பொழுதும் முழுத்தொடரையும் மாற்றவேண்டுவதில்லை. முன்குழாயும் வாற்குழாயும் நல்லனவாயின் சைலன்சர் ஒன்றை மட்டும் மாற்றலாம். சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய வண்டியுறுப்புக் கடைத்தெருக்களில் பிரித்தெடுத்த உறுப்புக்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆயினும் அவற்றையும் தட்டிப் பாராது வாங்கற்க. நம் சைலன்சரோடு ஒத்த முதுமையடைந்த மற்றொன்றை விலைகொடுத்துக் கொள்ளுதல் சிக்கனமன்று.

எம்முறை செய்யினும், செய்தபின் மீண்டும் துணியாலும் சோப்பு நீராலும் சோதிக்க. ஒரு வாரம் ஓட்டியபின் மறுபடியும் கிளாம்புகளை முடுக்குக. சூடும் குளிரும் மாறிமாறி வருதலின் அவை தளர்தல் இயல்பு.

செய்யத் தகாதன

சிக்கனம் என்னும் பெயரால் நடக்கும் தீங்குகள் சில உள. தண்ணீர்க் குழாய் அடைக்கும் பிசினைப் புகைக்குழாயில் அப்புவர். எஞ்சினுக்கு அருகே குழாயுள் ஓடும் ஆவியின் வெப்பம் 600 பாகை செல்சியஸையும் கடக்கும். பிசினோ 200 பாகைக்குள்ளேயே இளகிக் கெடும். துத்தநாகம் பூசிய தகட்டை ஒட்டாக வைத்துப் பற்றவைப்பர். துத்தநாகம் 907 பாகையிற் கொதித்து வெண்புகையாகும். அதனை மூச்சிழுக்கும் தொழிலாளிக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வரும். அத்தகடு வேண்டுமாயின் பட்டையாகக் கிளாம்பில் இறுக்குக, நெருப்பில் இடற்க. பழைய அஸ்பெஸ்டாஸ் கயிற்றைச் சுற்றுவாரும் உளர். அதன் நார் நுரையீரலிற் புகுந்தால் நெடுநாட் கழித்துப் புற்றுநோய் விளைத்தலும் உண்டு.

இவை யாவற்றினும் தீயது, நச்சு நீக்கும் கலத்தை நீக்கி வெறுங்குழாய் இட்டு, அதனைச் சிக்கனம் என்று சொல்லுதல். அக்கலத்தின் விலை பெரிது என்பது மெய்யே. ஆயினும் அதனை நீக்கினால் நாம் செலுத்தாது விட்ட விலையைத் தெருவில் நடப்பவனும் சாலையோரக் கடைக்காரனும் தம் மூச்சினாற் செலுத்துகின்றனர். சைலன்சரை நீக்கி ஓசையெழுப்புதலும் விதிக்கு மாறானது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 120ஆம் விதி, ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் ஓசையடக்கும் கருவி வேண்டும் எனப் பணிக்கின்றது. அன்றியும் கலத்திற்கு முன்னே குழாய் கசிந்தால், வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, பிராணவாயுவை அளக்கும் உணர்கருவி பிழையான கணக்குக் காட்டும். எஞ்சின் வேண்டியதினும் மிகுதியாகப் பெட்ரோல் உண்ணும். ஒட்டுக்குச் செலவிட அஞ்சியவன் பெட்ரோலுக்கு நாடோறும் செலவிடுவான்.

ஒட்டுவதோ, மாற்றுவதோ?

மேற்கூறியவற்றால் பெறப்படுவது யாது? துளை ஒன்றாய், சுற்றிலும் ஒலிக்கும் இரும்பு இருப்பின் ஒட்டுக. ஒடிவு ஓரிடத்தாய், இருபுறமும் நல்ல குழாய் இருப்பின் உறையிடுக. தட்டுமிடமெல்லாம் மந்தமாய் ஒலிப்பின் அப்பகுதியை மாற்றுக. இருக்கையின்கீழ்க் கசிவு உளதாயின், எம்முறையில் எனினும், அன்றே செய்க. செய்யும்வரை அவ்வண்டியில் எவரையும் ஏற்றற்க. கண்ணாடிகளை இறக்கிக்கொண்டு ஓட்டலாமே எனின், ஓடும் வண்டியின் பின்னே எழும் சுழற்காற்று நச்சினைத் திறந்த வழிகளால் உள்ளே இழுத்தலும் உண்டு. ஆதலின் அதனைக் காப்பு எனக் கொள்ளலாகாது.

பழைய ஆடையிற் புதுத்துணியை ஒட்டுப் போடுவாரில்லை என்றும், போட்டால் கிழிசல் பெரிதாகும் என்றும் நம் ஆண்டவர் உவமை கூறியதனை முதல் மூன்று சுவிசேஷங்களிலும் படிக்கின்றோம். அவ்வுவமையின் ஆவிக்குரிய பொருளை விரித்தல் ஈண்டு எம் கருத்தன்று. அதற்கு அடிப்படையாய் நின்ற உலகியலறிவு ஒன்றையே குறிக்கின்றோம். பலவீனமான ஆடையைப் பலமான ஒட்டு இழுத்துக் கிழிக்கின்றது. துருவேறிய இரும்பின்மேல் வைத்த தடித்த தகடும் அதனையே செய்யும். பற்றவைத்த கோடு உறுதியாய் நிற்க, அதன் ஓரத்திலுள்ள நொய்ந்த இரும்பு கிழியும். வெல்டிங் செய்தவர்மேற் குறைகூறுவார் பலர். குற்றம் அவர் கையில் இல்லை. நல்லிரும்பு தேடாத நம் கண்ணிலேயே உள்ளது.

முடிவாக ஒன்று கூறி அமைவாம். தகட்டுப் பட்டையும் கட்டுத்துணியும் சில திங்களுக்கே உரியன என்று முன்னே கூறினோம். அவற்றைக் கட்டிக் கருநிறம் பூசி, பழுதை மறைத்து, வண்டியை மற்றொரு குடும்பத்திற்கு விற்றுவிடுதல் எளிது. வாங்குபவன் அடியிற் குனிந்து பாரான். ஓசை அடங்கியிருத்தலால் ஐயமும் கொள்ளான். அவனும் நம்மைப் போலவே பொருள் சுருங்கியவன். அதனாலன்றோ பழைய வண்டி தேடி வந்தான்? ஒட்டுப் போட்ட இடத்தைச் சுண்ணக்கட்டியாற் குறித்துக் காட்டி, “இது சில திங்களே நிற்கும்; பின்னர் மாற்றிக்கொள்க” என்று சொல்லி, அதற்கேற்ப விலையையும் குறைத்துக் கொடுத்தல் விற்பவன் கடன். அக்குறைவினால் நமக்கு வரும் இழப்பு சில நூறு ரூபாயாகலாம், சில ஆயிரமும் ஆகலாம். அவ்வண்டியின் பின்னிருக்கையில் உறங்கிக்கொண்டு செல்லும் பிள்ளைகளின் மூச்சு அத்தொகையினும் பெரிது.